ஐந்து லட்சம் ரூபாய் அட்டை: பணம் யாருடையது?

2024 அக்டோபர் 29 அன்று டெல்லியில் பிரதமர் நரேந்திர மோடி ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டின் ஒரு விரிவாக்கத்தைத் தொடங்கிவைத்தார். 70 வயதைக் கடந்த எவருக்கும், அவர் ஏழையோ பணக்காரரோ, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா மருத்துவமனைச் சிகிச்சை. அதே மேடையில் டெல்லி, மேற்கு வங்க மாநில முதியவர்களிடம் அவர் மன்னிப்பும் கேட்டார். அந்த இரண்டு அரசுகளும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேராததால் அங்குள்ள முதியவர்களுக்குத் தன்னால் உதவ முடியவில்லை என்பது அந்த மன்னிப்பின் சாரம்.

மேடைப் பேச்சாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத பேச்சு. ஆனால், அதில் ஒரு தகவல் விடுபட்டிருந்தது. இந்தத் திட்டத்துக்கு ஆகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 40 ரூபாயைப் பெரும்பாலான மாநில அரசுகள் போட வேண்டும். சுமார் 6 கோடி முதியவர்களுக்கான இந்த விரிவாக்கத்துக்கு மத்திய அமைச்சரவை முதற்கட்டமாக ஒப்புக்கொண்ட தொகை 3,437 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு முதியவருக்கு 600 ரூபாய்கூட வரவில்லை. அறிவிப்பு டெல்லியில் நடந்தது. இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கும் 74 வயதுப் பாட்டியை எந்த மருத்துவமனையில் சேர்ப்பது, யார் ஒப்புதல் தருவது, பில் எப்போது பைசல் ஆகும் என்பதெல்லாம் மாநிலத் தலைநகரங்களில் தீர்மானமாக வேண்டிய விஷயங்கள்.

பொது மருத்துவக் காப்பீட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியில் இந்தியா ஒரு விசித்திரமான ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பங்கு 60க்கு 40 என்று காகிதத்தில் இருக்கிறது. நடைமுறையில் மத்திய அரசின் பங்குக்கு உச்சவரம்பு உண்டு, மாநிலத்தின் பங்குக்கு அது இல்லை. செலவு கூடினால், ஆள் கூடினால், சிகிச்சையின் விலை ஏறினால், கூடுதல் சுமை முழுவதும் மாநிலத்தின் கணக்கில் ஏறுகிறது. இதைத்தான் மாற்ற வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையும் ஒரு காரணம். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் ஆறாவது இனம். இன்சூரன்ஸ் ஒன்றியப் பட்டியலில் 47ஆவது இனம். சமூகப் பாதுகாப்பும் சமூகக் காப்பீடும் பொதுப் பட்டியலில் 23ஆவது இனம். அரசமைப்பை எழுதியவர்கள் 1949இல் 'அரசே பிரீமியம் கட்டி, ஏழை நோயாளியைத் தனியார் மருத்துவமனைக்கு அனுப்பும்' ஒரு திட்டத்தை மனதில் வைத்திருக்க நியாயமில்லை. அதனால் கட்டில் ஒரு பட்டியலிலும் காப்பீட்டு அட்டை இன்னொரு பட்டியலிலும் இருக்கின்றன. நோயாளிக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும்.

இந்தப் பாதையில் முதலில் நடந்தவை மாநிலங்கள். கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக 2003இல் யஷஸ்வினி வந்தது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007இல் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ வந்தது. அன்றைய முதல்வர் ராஜசேகர ரெட்டி மருத்துவம் படித்தவர். அனந்தபூர், மகபூப்நகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று பின்தங்கிய மாவட்டங்களில் தொடங்கி மாநிலம் முழுவதும் அதை விரித்தார். தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் 'உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' தொடங்கியது. ஆட்சி மாறியதும் பெயர் மாறியது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதை 'முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' ஆக்கி, சிகிச்சைகளின் பட்டியலை நீட்டி, அரசுப் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவிடம் ஒப்படைத்தது. பெயர்ச் சண்டை அன்று சென்னைக்குள்ளேயே நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிறகு டெல்லியைக் குறை சொல்லும்போது நிதானம் வரும்.

மத்திய அரசின் பங்குக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2008இல் தொழிலாளர் அமைச்சகம் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனாவைக் கொண்டுவந்தது. ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் வரை, ஆண்டுக்கு 30,000 ரூபாய். குடும்பம் 30 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டி ஸ்மார்ட் கார்டு வாங்கிக்கொள்ளும். பிரீமியத்தில் 75 விழுக்காட்டை மத்திய அரசு கொடுத்தது, 25 விழுக்காட்டை மாநிலம் கொடுத்தது. 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் ஆயுஷ்மான் பாரத்தின் காப்பீட்டுத் திட்டமான பிரதமரின் ஜன் ஆரோக்கிய யோஜனா தொடங்கியபோது தொகை 5 லட்சமாக உயர்ந்தது, மத்தியப் பங்கு 60ஆக இறங்கியது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90.

இதற்கு டெல்லியிடம் ஒரு பதில் இருக்கிறது, அதைக் கேட்காமல் போவது நேர்மையாகாது. 14ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கான வரிப் பங்கை 32 விழுக்காட்டிலிருந்து 42ஆக உயர்த்தியது. கையில் கூடுதல் பணம் வந்த பிறகு மத்திய உதவித் திட்டங்களில் மாநிலங்கள் கூடுதலாகப் போடுவது நியாயம்தானே என்ற வாதத்தில்தான் 60க்கு 40 என்ற விகிதம் பல திட்டங்களுக்கும் பொதுவாக வந்தது. வாதம் சரி. ஆனால், செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலாகும் பணம் அந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது என்பதும், 15ஆவது நிதிக்குழுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பங்கு 4.079 விழுக்காடு என்பதும், 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் அளவு கிட்டத்தட்ட 6 விழுக்காடு என்பதும் அதே கணக்கின் மறுபக்கம்.

சரி, 60க்கு 40 என்றே வைத்துக்கொள்வோம். எதன் 60?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. நோயாளிகளுக்கு உண்மையில் ஆன செலவில் 60 விழுக்காடு என்று படிப்பவர்கள் நினைக்கக்கூடும். அப்படி இல்லை. திட்டம் தொடங்கியபோதே ஒரு குடும்பத்துக்கான ஆண்டு பிரீமியம் இவ்வளவுதான் என்று மத்திய அரசு ஓர் உச்சவரம்பு வைத்தது: 1,052 ரூபாய். அதில் 60 விழுக்காடு 631 ரூபாய் 20 காசு. அதுவும் எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மட்டும்.

கேரளத்தின் கணக்கைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி என்ற மாநிலக் காப்பீட்டுத் திட்டத்தில் அங்கு ஏறத்தாழ 42 லட்சம் குடும்பங்கள் இருக்கின்றன. கேரள அரசு சொல்வதன்படி அவற்றில் 23.97 லட்சம் குடும்பங்களுக்குத்தான் மத்தியப் பங்கு வருகிறது, தலா 631 ரூபாய் 20 காசு வீதம். பெருக்கினால் ஆண்டுக்கு 151 கோடி ரூபாய். திட்டத்தின் ஆண்டுச் செலவோ ஆயிரம் கோடியைத் தாண்டுகிறது. 60 விழுக்காடு என்று பெயர் சொல்லி ஆறில் ஒரு பங்குகூடக் கொடுக்காத ஏற்பாடு இது. கல்யாணத்துக்கு வந்து, பந்திச் செலவில் பாதிக்கு மேல் என்னுடையது என்று சபையில் சொல்லிவிட்டு, பிறகு தன் கையில் இருக்கும் பழைய பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும், இலைக்கு இவ்வளவுதான் என்று எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகும் உறவினரைப் போல.

தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் வேறு. இங்கே பிரீமியம் 1,052ஐத் தொடவில்லை. 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். ஆகவே உச்சவரம்பு இங்கே பெரிய தலைவலி இல்லை. தலைவலி பட்டியல்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சுமார் 1.4 கோடி குடும்பங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் பட்டியலில் அடங்குபவை அவற்றில் பாதியைச் சற்றே தாண்டும். பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு, விதிப்படி, டெல்லி 509 ரூபாயும் சென்னை 340 ரூபாயும் போடுகின்றன. பட்டியலில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கு 849 ரூபாயும் சென்னையின் பணம். கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று, காது கேளாத குழந்தைக்கு காக்ளியர் கருவி போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு மாநிலம் தனியே ஒரு தொகுப்பு நிதி வைத்திருக்கிறது.

அந்தப் பட்டியல் எப்படி உருவானது என்பது தமிழ்நாட்டு வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. 2011 கணக்கெடுப்பில் கிராமப்புற வீடு ஒன்று வறுமைப் பட்டியலிலிருந்து விழுந்துபோகப் பல காரணங்கள் வைத்திருந்தார்கள். வீட்டில் மோட்டார் வைத்த இரு சக்கர வாகனம் இருந்தால் விழும். ஃபிரிட்ஜ் இருந்தால் விழும். தரைவழித் தொலைபேசி இருந்தால் விழும். மோட்டார் பொருத்திய மீன்பிடிப் படகு இருந்தால் விழும். குடும்பத்தில் ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தாலும் விழும். ஒரு பழைய டிவிஎஸ் 50இல் காய்கறி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்பவர் இந்தக் கணக்கின்படி வசதி படைத்தவர். ராமேஸ்வரத்தில் கடனுக்கு வாங்கிய வள்ளத்தில் இன்ஜின் பொருத்திக் கடலுக்குப் போகிறவரும் அப்படியே. பிகாரின் வறுமையை அளக்க ஓரளவு உதவக்கூடிய அளவுகோல், 2011இலேயே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொருந்தவில்லை. பொருந்தாத அந்தப் பட்டியலை வைத்தே மத்தியப் பங்கு இன்றும் கணக்கிடப்படுகிறது. 2022இல் மக்கள்தொகை வளர்ச்சியைக் கருதி நாடு முழுவதற்குமான எண்ணிக்கையை 10.74 கோடிக் குடும்பங்களிலிருந்து 12 கோடியாக உயர்த்தினார்கள், விடுபட்டவர்களை வேறு தரவுகளிலிருந்து சேர்க்க மாநிலங்களுக்கு அனுமதியும் தந்தார்கள். அது நல்ல திருத்தம். அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டின் சொந்த அளவுகோலும் மெச்சும்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கு சேரக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000. மாதத்துக்கு 10,000 என்றால் நாளுக்கு 333 ரூபாய். தமிழ்நாட்டில் எந்தக் கொத்தனார் நாள் முழுக்க 333 ரூபாய்க்கு வேலை செய்கிறார்? கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் எந்தக் கூலிக் குடும்பமும் உண்மையைச் சொன்னால் இந்த வரம்பைத் தாண்டிவிடும். வருமானச் சான்று வாங்கப் போகிறவருக்கும் அதை எழுதித் தருகிறவருக்கும் இது தெரியும். தெரிந்தே ஒரு தொகை எழுதப்படுகிறது. ஏழைகளைப் பொய் சொல்ல வைக்கும் வரம்பை வைத்துக்கொண்டு, மத்திய அரசின் பட்டியல் பழையது என்று மட்டும் வாதிடுவது எடுபடாது.

பணப் பொறுப்பு தெளிவாக இல்லாதபோது என்ன ஆகும் என்பதை வட மாநிலங்கள் காட்டிவிட்டன. 2024 செப்டம்பரில் பஞ்சாபின் தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் அட்டைக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தருவதை நிறுத்தின. தங்களுக்கு வர வேண்டிய பாக்கி 600 கோடி ரூபாய் என்றார்கள். மாநில அரசு, அவ்வளவு இல்லை என்றது. மத்தியில் ஆளும் கட்சி, மாநில அரசின் நிர்வாகம் சரியில்லை என்றது. இதைக் கட்சிச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம் என்று நினைத்தால், 2025 ஆகஸ்டில் அதுவே ஹரியாணாவில் நடந்தது. அங்கே மாநிலத்திலும் மத்தியிலும் ஒரே கட்சியின் ஆட்சி. அங்கும் பாக்கி பல நூறு கோடி என்று மருத்துவமனைகள் சேவையை நிறுத்தின. மருத்துவமனைக் கவுன்டரில் நிற்கிறவர் கேட்பது ஒரே கேள்விதான்: கார்டு செல்லுமா, செல்லாதா? அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு இருவரில் எவருக்கும் முழுதாக இல்லை. இரண்டு முதலாளிகள் உள்ள கடையில் சம்பளம் பாக்கி நிற்பது இப்படித்தான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் மத்திய அரசு இதில் தலையிடாமல் விலகிவிடலாமே என்று யாராவது சொன்னால் அது தவறான முடிவு.

ஆரோக்கியஸ்ரீயும் கலைஞர் காப்பீடும் வந்தது வரி வசூலும் மருத்துவமனைகளும் ஓரளவு உள்ள மாநிலங்களில். பிகாரோ ஜார்க்கண்டோ தன் சொந்தப் பணத்தில் 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை எழுப்பியிருக்க வாய்ப்பே இல்லை. செல்வம் குறைந்த மாநிலத்தில் பிறந்ததற்காக ஒருவருக்கு இதய வால்வு சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்றால், அந்த இடைவெளியை நிரப்ப மத்திய அரசைத் தவிர வேறு ஆள் இல்லை. இன்னொன்று, மாநிலங்களால் செய்யவே முடியாத காரியம்: எல்லை தாண்டிய சிகிச்சை. திருப்பூரின் பின்னலாடை ஆலையில் வேலை செய்யும் பிகார் இளைஞர் கோவையில் ஒரு மருத்துவமனையில் ஆயுஷ்மான் அட்டையைக் காட்டிச் சேரலாம், பில்லை அவருடைய சொந்த மாநிலம் கட்டும். கேட்க எளிமையாக இருந்தாலும், சிகிச்சை விலை, மொழி, கணினி முறை எல்லாம் வேறுபடும் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களையும் ஒன்றியப் பகுதிகளையும் ஒரே இழையில் கோத்த வேலை அது. திட்டத்தை நடத்தும் தேசியச் சுகாதார ஆணையத்தின் உருப்படியான சாதனை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கண்காணிப்புக்கும் மத்திய அமைப்பு வேண்டும். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததைக் காட்டியது. தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களின் கீழ் 4,761 பதிவுகள் இருந்ததும் அதே அறிக்கையில்தான் வெளிவந்தது. இறந்ததாகக் கணினியில் காட்டப்பட்டவர்களின் பெயரில் அதன் பிறகும் சிகிச்சைப் பணம் போயிருந்தது. இந்த லட்சணத்தில் மாநிலங்கள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ளும் என்று விட்டுவிட முடியாது. மத்தியக் கணினி முறையிலேயே இந்த ஓட்டைகள் இருந்தன என்பது வேறு கதை.

கூட்டாட்சி நாடுகள் இந்தச் சிக்கலை ஏற்கெனவே பார்த்துவிட்டன. அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் 1965இல் சட்டமானது. அதில் மத்தியப் பங்குக்கு ஒரு சூத்திரம் உண்டு. மாநிலத்தின் தனிநபர் வருமானம் குறையக் குறைய மத்தியப் பங்கு கூடும். பணக்கார மாநிலத்துக்கும் 50 விழுக்காட்டுக்குக் குறையாது. மிசிசிப்பி போன்ற ஏழை மாநிலத்துக்கு முக்கால் பங்குக்கும் மேல் போகும். முக்கியமான விஷயம், அது உண்மையான செலவில் பங்கு. தகுதியுள்ள நோயாளிகள் கூடினால் வாஷிங்டனின் செலவும் கூடும். அந்த ஏற்பாட்டிலும் ஏராளமான சண்டைகள் உண்டு. அரிசோனா 1982 வரை சேரவே இல்லை. ஒபாமா காலத்தில் திட்டத்தை விரிவாக்கியபோது, விரிவாக்கத்துக்கு ஒத்துவராத மாநிலங்களின் பழைய நிதியையும் நிறுத்துவோம் என்று மிரட்டினார்கள். 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது வற்புறுத்தல் என்று சொல்லி அந்த மிரட்டலைச் செல்லாததாக்கியது. 2025இல் நிறைவேறிய டிரம்ப் அரசின் சட்டம் மெடிக்கெய்ட் செலவைப் பெரிதாக வெட்டியிருக்கிறது. அந்தச் சுமையையும் மாநிலங்கள்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

கனடாவின் பாடம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கும் முதலில் ஒரு மாகாணம்தான் வழி காட்டியது. சஸ்கச்சுவான் 1947இல் மருத்துவமனைக் காப்பீட்டையும் 1962இல் மருத்துவர் கட்டணக் காப்பீட்டையும் கொண்டுவந்தது. மத்திய அரசு பின்னால் வந்து 1957லும் 1966லும் சட்டம் இயற்றிச் செலவில் ஏறத்தாழ பாதியை ஏற்றது. 1977இல் அந்தப் பாதியை விட்டுவிட்டு, மொத்தமாக ஒரு தொகையும் கொஞ்சம் வரி அதிகாரமும் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. அன்றிலிருந்து மாகாண முதல்வர்கள் கூடும்போதெல்லாம் இதே புகார்தான்: நிபந்தனை உங்களுடையது, பில் எங்களுடையது. செலவில் பங்கு என்பதை நிலையான தொகையாக மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடா அரை நூற்றாண்டுச் சான்று. இந்தியா அந்தத் தவறைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டது.

பெயர் விவகாரத்துக்கு வருவோம். 2019 ஜனவரியில் மேற்கு வங்கம் திட்டத்திலிருந்து வெளியேறியதற்கு மம்தா பானர்ஜி சொன்ன காரணம், பிரதமரின் படத்துடன் வீடு வீடாகக் கடிதங்கள் போனது. பணத்தில் எங்கள் பங்கும் இருக்கும்போது படம் மட்டும் உங்களுடையதா என்றார். அவருடைய அரசின் ஸ்வஸ்திய சாத்தி காப்பீட்டு அட்டை குடும்பத் தலைவியின் பெயரில் வந்தது நல்ல யோசனை. ஆனால், ஒரு படத்துக்காக மத்தியப் பணம் முழுவதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதன் சுமையை மாநிலக் கருவூலத்தில் ஏற்றியது நல்ல யோசனையா என்று கேட்கத்தான் வேண்டும். ஒடிசாவும் டெல்லியும் 2025இல் சேர்ந்தன. இரண்டிலும் ஆட்சி மாறி பாஜக வந்த பிறகு. டெல்லியில் 5 லட்சத்துக்கு மேல் இன்னொரு 5 லட்சத்தை மாநில அரசு சேர்த்துக் கொடுக்கிறது. ஒரு குடிமகனுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது அவருடைய மாநிலத்தை எந்தக் கட்சி ஆள்கிறது என்பதைப் பொறுத்து அமைந்தது இரு தரப்புக்கும் பெருமை இல்லை.

காப்பீட்டுக்கு வெளியே, சுகாதார நிலையங்களுக்கான நிதியிலும் இதே இழுபறி நடந்தது. ஆரம்ப சுகாதார மையங்களுக்கு 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று பெயர் வைக்காததால் தேசிய சுகாதார இயக்க நிதி நிறுத்தப்பட்டது என்று கேரளம் குற்றம்சாட்டியது. கடைசியில் பெயரை ஏற்றுக்கொண்டு ஒரு சமரசத்துக்கு வந்தது. பலகை எழுதும் பெயின்டருக்கு வேலை கிடைத்ததைத் தவிர அந்தச் சண்டையில் நோயாளிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

என்ன செய்யலாம்? மத்தியப் பங்கை, பைசல் செய்யப்பட்டுத் தணிக்கையான உண்மைச் செலவின் மேல் கணக்கிட வேண்டும். குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு போக வேண்டும். ஏமாற்று பில்கள் வந்துவிடும் என்ற பயம் இருந்தால், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஏற்கெனவே நிர்ணயித்த விலைப் பட்டியல் இருக்கிறது, அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். விகிதத்தையும் எல்லா மாநிலத்துக்கும் ஒரே 60 என்று வைக்க அவசியமில்லை. பிகாருக்கு 75 கொடுத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்கு 50 கொடுத்தாலும், அது உண்மைச் செலவில் 50 என்றால், பட்டியலில் இல்லாத குடும்பங்களுக்கும் சேர்த்து என்றால், தமிழ்நாட்டுக்கு இன்று கிடைப்பதைவிட அதிகம்தான் கிடைக்கும். வேறு மாநிலத்தில் சிகிச்சை பெறும் புலம்பெயர் தொழிலாளர்களின் பில்லை மட்டும் முழுக்க மத்திய அரசே ஏற்கலாம். தொழிலாளி ஓரிடத்தில் உழைத்து, அதன் வரி இன்னோர் இடத்தில் சேர்ந்து, பில் மூன்றாவது இடத்துக்குப் போகும் இன்றைய ஏற்பாடு எந்த மருத்துவமனைக்கும் பிடிக்கவில்லை. 70 வயது திட்டம் போல டெல்லி தனியாக முடிவெடுத்து அறிவிக்கும் எந்த விரிவாக்கத்துக்கும் முதல் சில ஆண்டுகளாவது முழுப் பணத்தையும் டெல்லியே போட வேண்டும். அறிவிப்பவர் கட்டட்டும்.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் இந்தக் காப்பீட்டுக்கு ஒதுக்கியது 9,406 கோடி ரூபாய். அரசுகள் மருத்துவத்துக்குச் செய்யும் மொத்தச் செலவை 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22 கணக்கின்படி, அதுவும் கொரோனா காலச் செலவையும் சேர்த்து, அது 1.84 விழுக்காடு. அதே ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் பையிலிருந்து கொடுத்தது 39.4 விழுக்காடு. 2013-14இல் 64.2 ஆக இருந்தது குறைந்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. மீதமுள்ளதில் பெரும் பகுதி, சர்க்கரை மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் புறநோயாளியாகப் போய்வருவதற்கும் ஆகும் செலவு. மருத்துவமனையில் படுத்தால் மட்டும் பணம் தரும் காப்பீட்டு அட்டை அதைத் தொடுவதே இல்லை. அந்த வேலையைச் செய்வது மாநில அரசுகள் நடத்தும் ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும்தான். காப்பீட்டில் மாநிலத்தின் பங்கு ஏற ஏற, அங்கே போட வேண்டிய பணம் குறையும். தமிழ்நாடு இதில் எச்சரிக்கையாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுப் பணத்தை ஈட்டுகின்றன. தனியாருக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போனால் அந்த வருமானமும் கரையும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் இப்போதைய ஒப்பந்தம் 2022 ஜனவரி 11 அன்று தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குப் போடப்பட்டது. 2027 ஜனவரியில் முடிகிறது. புதிய பிரீமியம் 849 ரூபாயாக இருக்காது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பேச்சுவார்த்தையில் காப்பீட்டு நிறுவனத்தோடு மட்டும் உட்காராமல், கேரளத்தையும் ஆந்திரத்தையும் கர்நாடகத்தையும் தெலங்கானாவையும் சேர்த்துக்கொண்டு, உண்மைச் செலவில் பங்கு என்ற ஒரே கோரிக்கையோடு தேசியச் சுகாதார ஆணையத்தின் முன் தமிழ்நாடு போய் உட்கார வேண்டும். அதற்கு முன், 1,20,000 ரூபாய் என்ற தன் வருமான வரம்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்கப் போகும் அரசின் கணக்காவது உண்மையாக இருக்கட்டும்.